ராஜா காலத்துப் பை

ஜன்னலோரம் நீயே உட்கார்ந்துகொள்ளம்மா. காற்று நேராக முகத்தில் அடித்தால் எனக்குக் காது அடைத்துவிடும். ராஜபாளையம்தானே? நல்லது. நானும் அங்கேதான். வழி முழுக்க நான் பேசிக்கொண்டு வந்தால் கோபித்துக்கொள்ளாதே. அங்கே போய் இறங்கிவிட்டால் இரண்டு மணி நேரம் நான் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அதோடு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேறு யாரும் இல்லை, நான் பெற்ற மகள்.

விரதமெல்லாம் இல்லை. தையல் வகுப்பு. அவள் டீச்சர், நான் மாணவி. சிரி, சிரி. எங்கள் தெருவே சிரித்துவிட்டது, நீ ஒருத்தி சிரிக்காமல் இருந்து என்ன ஆகப்போகிறது.

அவளைப் பார்க்க எனக்கு வேறு வழி இல்லையம்மா. சனிக்கிழமை சனிக்கிழமை அந்த இரண்டு மணி நேரம்தான். அதையும் என் வாய் கெடுத்துவிடக் கூடாது. அதனால் இருக்கிற பேச்சையெல்லாம் பஸ்ஸிலேயே பேசித் தீர்த்துவிடுகிறேன். போன வாரம் பக்கத்தில் ஒரு போலீஸ்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். பாவம், சங்கரன்கோவில் ஸ்டாண்டை விட்டு வண்டி திரும்பியதுமே தூங்கிவிட்டாள். கஷ்டமான வேலை.

என் மகள் பெயர் சங்கரி. ஒரே மகள். மதுரையில் பேஷன் டிசைனிங் படித்தாள். படித்து முடித்ததும் சென்னையில் வேலை கிடைத்தது. நான்தான் வேண்டாம் என்றேன். சென்னைத் தண்ணீர் அவள் தலைமுடிக்கு ஆகாது. அவள் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் தறிக்கூடத்தில் மேஸ்திரி. நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நிற்பதால் வீட்டுக்கு வந்தால் காது கேட்காது. தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமையும் கேட்பதில்லை, அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

வேலைக்குப் போகாதவள் வீட்டில் சும்மா இருந்தாளா? இல்லை. வீட்டு முன்னறையில் தையல் வகுப்பு ஆரம்பித்தாள். அரிசி மூட்டையும் அவர் சைக்கிளும் இருந்த அறை. மூட்டையைத் தூக்கி அடுப்படியில் வைத்தாள், சைக்கிளைத் தெருவில் நிறுத்தினாள். ஊசியே பிடித்தறியாத பெண்களுக்குத்தான் வகுப்பு என்று தட்டியில் எழுதி வாசலில் கட்டினாள். அரை டஜன் பேர் வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கு முதலில் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்? நீயே சொல். ஜாக்கெட். இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் பாவாடை. இவள் பை சொல்லிக் கொடுத்தாள்.

பை என்றால் கட்டைப்பை இல்லை. ராஜா காலத்துப் பை. காடாத் துணியில் இரண்டு துண்டு. மூன்று பக்கம் தைத்து, உள்ளதை வெளியே புரட்டி, வாயை மடித்து அடித்து, அந்த மடிப்புக்குள் நாடாவைக் கோத்து இழுத்தால் சுருங்கிக்கொள்ளும். ஜிப் கிடையாது, பட்டன் கிடையாது. இடுப்பில் தொங்கவிடலாம். போனில் படம் காட்டினாள். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள், காலோடு ஒட்டின கால்சட்டையும் இடுப்பில் ஒரு பையுமாக நின்றார்கள்.

“அப்போ எந்த நாட்டுலயும் சட்டையில பாக்கெட்டே கிடையாது. எல்லாரும் பையைத்தான் இடுப்புல தொங்கவிட்டாங்க. நம்ம ராஜாக்கள் புலவருக்குக் கொடுத்த பொற்கிழியும் இதுதான்” என்றாள் சங்கரி.

டீ கொண்டுபோன நான் சும்மா வர முடியுமா. “வேட்டி கட்டத் தெரியாதவனுக்குத்தான் பை வேணும். மடி இருக்கும்போது பை என்னத்துக்கு? எனக்கு இந்தா, முந்தானை இருக்கு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சங்கரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், நகைச்சுவை குறைவு.

“ஏட்டி, எதுக்குப் பை? ஜாக்கெட் தைக்கச் சொல்லிக் கொடு. எவ காசு கொடுத்துப் பை தைக்கப் படிப்பா?” என்று அவர்கள் முன்னாலேயே கேட்டேன். நல்லதைத் தனியாகச் சொன்னால் என்ன, நாலு பேர் முன்னால் சொன்னால் என்ன.

“பைக்கு அளவு கிடையாதும்மா. கை பிடிக்குது, கழுத்து இறங்கிருச்சுன்னு யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. முத முதல்ல தைக்கிற பொருளால யாருக்கும் கோபம் வரக் கூடாது. அப்போதான் பயம் போகும்” என்றாள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பையால் எத்தனை பேருக்குக் கோபம் வந்தது என்பதை நீ இப்போது கேட்கப்போகிறாய்.

அந்த வகுப்புக்கு நான் செய்த உதவி கொஞ்சநஞ்சமில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். யார் தையல் கோணல் என்று பார்த்துச் சொன்னேன். எனக்குத் தைக்கத் தெரியாது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி என்னைத் தம்பி தங்கைகளைப் பார்க்க வைத்துவிட்டார்கள், ஊசி பிடிக்க எங்கே நேரம். ஆனால் கோணல் தெரிய ஊசி எதற்கு, கண் போதாதா? அப்புறம், வந்தவர்கள் நல்லது கெட்டதும் விசாரித்தேன். ஜெசிந்தா என்று ஒரு சின்னப் பெண். புருஷன் மஸ்கட்டில். “இந்தக் கிறிஸ்மஸுக்காவது வருவானா, இல்லை போன வருஷம் மாதிரிதானா?” என்று கேட்டேன். அக்கறையாகத்தான் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு தைத்ததில் பையோடு தன் முந்தானையையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். கவனம் போதாது.

இன்னொருத்தி பேச்சியம்மாள். மேலத் தெரு. என் வயதுதான் இருக்கும். அதிரசம் சுட்டுப் பள்ளிக்கூடத்துக் கேண்டீனுக்கும் கடைகளுக்கும் போடுகிறவள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். முதல் நாளே நாலு பக்கமும் தைத்து வைத்துவிட்டாள்.

“அக்கா, வாயை மூடிட்டீங்களே. காசை எப்படிப் போட?” என்றாள் ஜெசிந்தா.

“போட வேண்டாம் தாயி. எங்க வீட்டுக்காரராலயும் எடுக்க முடியாதுல்லா” என்றாள் பேச்சி. பிறகு என்னைப் பார்த்து, “மதினி, ஒண்ணு கேக்கேன். இங்ஙன டீச்சரு ஒங்க மகளா, நீங்களா? யாருக்குப் பீஸ் கொடுக்கன்னு தெரியாம முழிக்கேன்” என்றாள்.

என் மேல் அவளுக்கு மரியாதை உண்டு. அதை அவள் கிண்டல் மாதிரிச் சொல்வாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து தமிழ் ஐயா வந்தார். ஆண்டு விழாவில் நாடகம் போடுகிறார்களாம். ராஜா புலவருக்குப் பொற்கிழி கொடுக்கிற கட்டம். நாற்பது பை வேண்டும் என்றார்.

“ஒரு புலவருக்கு எதுக்கு ஐயா நாற்பது பை?” என்று நான்தான் கேட்டேன்.

“புலவரே நாற்பது பேர்ம்மா. எந்தப் புள்ளையை விட்டாலும் பெத்தவங்க சண்டைக்கு வாராங்க. ராஜா மட்டும் ஒருத்தன். அவன் தாளாளர் பேரன், அதுல போட்டி இல்லை” என்றார்.

சங்கரி அந்தப் பைகளைத் தன் மாணவிகளையே வைத்துத் தைக்கிறேன் என்றாள். நன்றாக அமைந்தால் பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் சும்மா கிடக்கிற அறையைச் சாயங்காலம் வகுப்பு நடத்தக் கொடுப்பதாகவும், இனி எல்லா விழா உடுப்பும் அவளிடமே கொடுப்பதாகவும் தமிழ் ஐயா சொன்னார். அன்றைக்கு அவள் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள். “அம்மா, நமக்குன்னு ஒரு ரூம் கிடைச்சிரும்” என்றாள். நமக்கு ரூம் இல்லையா, இந்த முன்னறை யாருடையது என்று நான் கேட்டேன். வகுப்பு வீட்டை விட்டுப் போய்விட்டால் அந்தப் பெண்களுக்கு டீ யார் போட்டுக் கொடுப்பார்கள் என்று அவள் யோசித்தாளா? இல்லை. எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை.

தைத்தார்கள். பேச்சி நாடா கோத்தாள், ஜெசிந்தா மூலை திருப்பினாள். சங்கரி ஒவ்வொன்றையும் உள்ளே கைவிட்டுப் பார்த்து, சரியில்லாததைப் பிரித்து மறுபடி தைக்கச் சொன்னாள். ஆரம்பக்காரிகள் தைத்தது என்று சொல்ல முடியாது. நாற்பது பையும் மடித்து முன்னறைப் பாயில் அடுக்கியிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம். சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சங்கரி குளிக்கப் போனாள்.

நான் அந்தப் பைகளைப் பார்த்தேன். அத்தனையும் வெறும் பை.

நீ சொல்லம்மா, உங்கள் வீட்டில் யாருக்காவது புதுப் பர்ஸ் கொடுத்தால் வெறுமனே கொடுப்பீர்களா? ஒரு ரூபாயாவது போட்டுத்தானே கொடுப்பீர்கள்? பாத்திரம் கொடுத்தாலே ஒரு பிடி அரிசி போடாமல் கொடுக்க மாட்டோம். இங்கே வெள்ளிக்கிழமை அதுவுமாக, விளக்கு வைக்கிற நேரத்தில், என் வீட்டு வாசலைத் தாண்டி நாற்பது வெறும் பை போகப்போகிறது. அதுவும் பொற்கிழி. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும், என் மகள் தொழில் என்ன ஆகும்? படித்தவளுக்கு இதெல்லாம் தோன்றாது. நாம்தான் பார்க்க வேண்டும்.

காசு போட என்னிடம் எங்கே இருக்கிறது. அதனால் பச்சரிசியில் மஞ்சளும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுப் பிசைந்தேன். அட்சதை மட்டும் போட்டால் போதுமா, இனிப்பாக இருக்க வேண்டாமா என்று அச்சு வெல்லத்தைத் தட்டி ஆளுக்கு ஒரு துண்டு. ஒவ்வொரு பையிலும் அடி மூலையில், கண்ணில் படாதபடி அழுத்தி வைத்தேன். சாமி கும்பிட்டுக்கொண்டேதான் வைத்தேன். முடித்துக் கை கழுவும்போது மனதுக்கு அப்படி ஒரு நிம்மதி.

வெள்ளிக்கிழமை கொடுத்த பையை அவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். அது என் தப்பா? கிழி கனமாகத் தெரிய வேண்டும் என்று மேலே பேப்பரைத் திணித்தார்களே, அப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு கை விட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? வெல்லம் இருந்தால் எறும்பு வரும் என்று இத்தனை வாத்தியார்கள் இருக்கிற இடத்தில் ஒருத்தருக்கும் தெரியாதா?

ஆண்டு விழாவுக்கு நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ராஜா வந்தான். தட்டில் குவித்துப் பையெல்லாம் வந்தது. நாற்பது புலவர்களும் வரிசையில் வந்து ஆளுக்கொரு பையை வாங்கி, சங்கரி சொல்லிக் கொடுத்த மாதிரியே இடுப்பில் கட்டிக்கொண்டு ராஜாவை வாழ்த்திப் பாட ஆரம்பித்தார்கள். முதலில் கடைசிப் புலவன் இடுப்பைச் சொறிந்தான். பிறகு பக்கத்திலிருந்தவன். பாட்டு இரண்டாவது அடிக்கு வருவதற்குள் வரிசை முழுக்க நெளிந்து, குதித்து, ஒருத்தன் முதுகில் ஒருத்தன் தட்டி, தாடியெல்லாம் கழன்று விழுந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இந்த வருஷம் டான்ஸும் சேர்த்திருக்கிறார்கள் போல என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். பையை எடுத்து எடுத்துக் கொடுத்த ராஜா சும்மா இருப்பானா, சிம்மாசனத்தில் ஏறி நின்று பட்டு வேட்டியை உதறினான். உள்ளே டிரவுசர் போட்டிருந்தான், அது ஒரு நல்ல காலம். தாளாளர் எழுந்து நின்றுவிட்டார். திரையை இழுத்தார்கள்.

பெரிய எறும்புகூட இல்லை. சின்னச் சிவப்பு எறும்புதான்.

வீட்டுக்கு வந்ததும் சங்கரி என் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். ஒரு துண்டு வெல்லம், அதில் மஞ்சள் அரிசி ஒட்டிக்கொண்டு.

“அம்மா, இது என்ன?”

“அச்சு வெல்லம்.”

“யாரு வச்சா?”

“நான்தான். வெள்ளிக்கிழமை வெறும் பையை எப்படிட்டி வெளிய அனுப்ப?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா.”

“கேட்டா நீ வேணாம்னு சொல்லிருப்ப.”

“ஆமா.”

“அதனாலதான் கேக்கல.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அன்றோடு முடிந்திருக்கும். முன்னறையில் வெட்டி மிச்சமிருந்த துணித் துண்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, காது கேட்காத மாதிரியே சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்.

அறை தர முடியாது, இனி வேலையும் தர முடியாது என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மகள் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது பெற்றவள் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? நீ போகாதே என்று அவள் சொல்லத்தான் செய்தாள். நான் சேலையை மாற்றிக்கொண்டு பெரிய டீச்சரைப் பார்க்கப் போனேன். என் மகள் மேல் ஒரு தப்பும் இல்லை, தைத்தவர்களெல்லாம் புதுசு, அதிலும் ஒருத்தி நாள் முழுக்க வெல்லப் பாகிலேயே கை வைக்கிறவள், கையைச் சரியாகக் கழுவாமல் தைத்திருப்பாள் என்று பதவிசாக எடுத்துச் சொன்னேன். பெயர் சொல்லவில்லையம்மா. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதிரசம் என்று மட்டும்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அதிரசம் போடுகிறவள் அவள் ஒருத்திதான் என்றால் அதற்கு நான் பொறுப்பா?

மறுநாள் கேண்டீனில் பேச்சியின் அதிரசத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் எங்கள் வாசல் வரைக்கும் வந்தாள். உள்ளே வரவில்லை.

“மதினி, நான் ஒங்களை ஒரு வார்த்தை வையல. கேலி பேசுவேன், வாஸ்தவம். அதுக்காக என் அடுப்புல தண்ணி ஊத்திட்டீங்களே” என்றாள்.

“நான் ஒம் பேரையே சொல்லலையே” என்றேன்.

சங்கரி எழுந்து பேச்சியைக் கூட்டிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வெல்லம் எங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது, வைத்தது என் அம்மா என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தாள். பேச்சியின் அதிரசம் மறுபடி கேண்டீனுக்குப் போக ஆரம்பித்தது. என் மானம் போனது. பெற்ற தாயைவிட அவளுக்குப் பேச்சி பெரிதாகிவிட்டாள். பேச்சியாவது நன்றியோடு வகுப்புக்குத் திரும்ப வந்தாளா? வரவில்லை. ஜெசிந்தாவும் வரவில்லை. ஒருத்தியும் வரவில்லை. நான் டீக்கு வாங்கி வைத்த பால் திரிந்ததுதான் மிச்சம்.

ஆனால் எதிலும் ஒரு நல்லது இருக்கும் பார். முன்னறை காலியாகிவிட்டது. புளியங்குடியில் ஒரு மாப்பிள்ளை, உரக்கடை வைத்திருக்கிறார்கள். பெண் பார்க்க வரட்டுமா என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வந்தால் உட்கார இடம் வேண்டாமா, அதனால்தான் தள்ளிப் போட்டிருந்தேன். அந்த வாரமே வரச் சொன்னேன். அவள் மனதுக்கும் ஒரு மாறுதலாக இருக்கும். சங்கரி காபி கொண்டுவந்து வைத்தாள். எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். எனக்கு வயிறு குளிர்ந்தது. அவர்கள் போன மறுநாள் காலையில் தையல் மெஷினை ஆட்டோவில் ஏற்றினாள். அவள் அப்பாதான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டார். அந்தச் சமயத்தில் மட்டும் அவருக்கு நன்றாகக் காது கேட்டது.

ராஜபாளையத்தில் மருந்துக் கடைக்கு மேலே மாடியில் ஒரு அறை. அவளோடு படித்த பெண்ணின் அண்ணன் கடையாம். ராத்திரி பெண்கள் ஹாஸ்டலில் தங்குகிறாள். என்ன சாப்பிடுகிறாள், யார் கேட்க? போன் செய்தால், “வகுப்புல இருக்கேம்மா” என்று வைத்துவிடுவாள். ஒரு மாதம் பொறுத்தேன். சரி, ஒரு மாதம் இல்லை. அந்த முதல் சனிக்கிழமையே தூக்குவாளியில் புளிக்குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மாடிப் படி செங்குத்து. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போய்ப் பார்த்தால், அறை நிறையப் பெண்கள். எங்கள் முன்னறையில் இருந்ததுபோல இரண்டு மடங்கு. எல்லோர் கையிலும் அதே பை. நான் வாசலில் நின்றபடியே அவர்களுக்கு என்னை அறிமுகம் செய்துகொண்டேன். சங்கரிக்குச் சின்ன வயதில் டைபாய்டு வந்து முடியெல்லாம் கொட்டியதையும், எட்டு வயது வரை படுக்கையை நனைத்ததையும், புளியங்குடி மாப்பிள்ளை வீட்டார் இன்னும் காத்திருப்பதையும் சொன்னேன். டீச்சரைப் பற்றி நாலு விஷயம் தெரிந்தால்தானே மாணவிகளுக்கு ஒரு பிடிப்பு வரும்.

சங்கரி என்னைப் படிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். “அம்மா, இங்க பீஸ் கட்டிப் படிக்கிறவங்க மட்டுந்தான் வரணும். நீ கெளம்பு” என்றாள்.

“அப்போ நானும் கட்டுதேன். என்னையும் சேத்துக்கோ” என்றேன்.

ஏதோ ஒரு வாய்வார்த்தைக்குத்தான் சொன்னேன். அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். தூக்குவாளியைப் பார்த்தாள், என் முழங்காலைப் பார்த்தாள். பிறகு, “சரி, சேந்துக்கோங்க. ஆனா இங்க ஒரு சட்டம் உண்டு. புதுசா சேர்றவங்க முதல் பையைத் தச்சு முடிக்கிற வரைக்கும் வகுப்புல பேசக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் அதோட நிறுத்திடுவேன்” என்றாள்.

கவனித்தாயா, ‘நீங்க’ என்கிறாள். வீட்டில் ‘நீ’. படியில் நிற்கும்போதே மாற்றிவிட்டாள்.

அந்தச் சட்டம் கடுமையான சட்டம்தான். மற்றப் பெண்களெல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டேதான் தைக்கிறார்கள். எனக்குப் பின்னால் வந்து சேர்ந்த ஒரு பெண் முதல் நாளே வாய் ஓயாமல் பேசினாள். அவளிடம் சட்டத்தைச் சொல்ல சங்கரி மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். எடுத்துச் சொல்லலாம் என்றால் நான் பேசக் கூடாதே.

இப்படி எத்தனையோ சனிக்கிழமை ஆகிவிட்டது. மற்றவர்கள் பையை முடித்து ஜாக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். நான் இன்னும் அதே பை. ஒவ்வொரு வாரமும் என் பையை வாங்கிப் பார்ப்பாள். “தையல் கோணலா ஓடிருச்சு, பிரிங்க” என்பாள். ஒரு வாரம் மூலை கூர்மையாக இல்லை. ஒரு வாரம் வாய் மடிப்பு ஒரு பக்கம் அகலம். ஒரு வாரம் நான் நல்ல பக்கத்தை வெளியே வைத்துத் தைத்து, புரட்டியதும் அது உள்ளே போய்விட்டது. அப்படியே விட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவள் விட மாட்டாள். பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, என் விரலைப் பிடித்து, “ஊசியை இப்படிச் சாய்ச்சுப் பிடிங்க, இங்கேர்ந்து எடுத்து இங்க விடுங்க” என்று என் கையாலேயே நாலு தையல் போட வைப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். அவள் விரல் எப்படி மரத்துப்போயிருக்கிறது தெரியுமா? தலைக்கு எண்ணெய் வைப்பதே இல்லை, குனியும்போது முடி என் கன்னத்தில் முள் மாதிரிக் குத்தும். இதையெல்லாம் சொல்ல முடியாமல் நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். ஐந்தாம் வகுப்புக்கு அப்புறம் அவள் என் கையைப் பிடித்ததே இந்த வகுப்பில்தான். தெருவைக் கடக்கும்போதுகூட உதறிவிட்டுப் போகிறவள்.

கொண்டுபோகிற சாப்பாட்டை அவள் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிடுவேன். அடுத்த வாரம் வாளி கழுவி அதே இடத்தில் இருக்கும். சாப்பிட்டாளா, யாருக்காவது கொடுத்தாளா, கேட்க முடியாது.

போன வாரம் என்ன ஆனது என்றால், தையல் நேராக வந்துவிட்டது. எப்படி என்று எனக்கே தெரியாது. பை சரியாக அமைந்துவிட்டது. சங்கரி வாங்கினாள். உள்ளே கையை விட்டு மூலையைத் தடவினாள். வெளியே புரட்டினாள், மறுபடி உள்ளே புரட்டினாள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். நாடாவை இழுத்தாள், வாய் ஒழுங்காகச் சுருங்கியது. ஏதாவது குறை சொல்வாள் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

“சரியா வந்திருக்கும்மா” என்றாள்.

அம்மா என்றாள். வகுப்பில்.

கொஞ்ச நேரம் பையைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம், “அடுத்த வாரம் நாடா நுனியில முடிச்சு மட்டும் போட்டாப் போதும், முடிஞ்சுது. அதுக்கப்புறம் நீ வர வேண்டாம். இந்தப் படியை ஏறி இறங்கி ஒனக்கு முழங்கால் வீங்கிப் போகுது. ஜாக்கெட் எல்லாம் ஒனக்கு எதுக்கு? நானே தீபாவளிக்கு வாரேன்” என்றாள்.

தீபாவளிக்கு. இப்போது ஆனி மாதம்.

என்னம்மா, என்ன கேட்கிறாய்? இதுவா? ஆமாம், இதுதான் அந்தப் பை. நல்லாயிருக்கா? நீ சொன்னால் சரிதான். ஏன் பிரிக்கிறேன் என்றா கேட்கிறாய். பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறாய், நான் பேச்சு மும்முரத்தில் கவனிக்கவில்லை. வளையலில் கோத்திருக்கிற ஊக்கு இதற்கு நல்ல தோது. ஒரு தையல் விட்டு ஒரு தையல் குத்தி எடுத்தால் நூல் தானாக வந்துவிடும், அவள் சொல்லிக் கொடுத்ததுதான். ஒரு பக்கம் முழுக்க முடிந்துவிட்டது. அடுத்த பக்கமும் வண்டி நிற்பதற்குள் ஆகிவிடும்.

எனக்காக இல்லையம்மா. அவளுக்காகத்தான். ஊர் விட்டு ஊர் வந்து தனியாக இருக்கிற பெண், வாரத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து திட்டுவதற்குச் சொந்த மனுஷி ஒருத்தி வேண்டாமா? மற்றப் பெண்களை அவள் அப்படித் திட்ட முடியுமா, பீஸ் கட்டினவர்கள். நானும்தான் கட்டியிருக்கிறேன், இருந்தாலும்.

கோபப்படுவாள். பையைப் பார்த்ததும், போன வாரம் நேராக இருந்ததே, இது என்ன என்று கேட்பாள். கேட்கட்டும். பதில் சொல்ல வேண்டிய கஷ்டம் எனக்கு இல்லை. பை முடிகிற வரைக்கும் நான் பேசக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்தானே.